மார்பக இம்ப்ளாண்ட் அளவு: எண்ணைத் தேர்வதா, அகலத்தைத் தேர்வதா?

மார்பகப் பெருக்க அறுவை சிகிச்சை செய்துகொள்வதென்று தீர்மானித்துவிட்ட ஒருவர், மருத்துவர் முன் அமர்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘எனக்கு எத்தனை சிசி பொருந்தும்?’ என்பதாகவே இருக்கிறது. சிசி என்பது இம்ப்ளாண்ட்டின், அதாவது மார்பகத்துக்குள் வைக்கப்படும் செயற்கைப் பையின், கன அளவு (கன சென்டிமீட்டர்). கேள்வியில் தவறில்லை, அது வரவேண்டிய இடம்தான் வேறு. மார்பகத்தின் அகலம், தோலின் நெகிழ்வு, ஏற்கெனவே இருக்கும் திசுவின் தடிமன், எவ்வளவு முன்னோக்கிப் புடைக்க வேண்டும் என்ற விருப்பம் ஆகியவை முதலில் முடிவானால், சிசி எண் ஏறத்தாழத் தானாகவே வந்து நிற்கும். அவற்றை முடிவு செய்யாமல் எண்ணை முதலில் பிடித்துக்கொண்டால், பிறகு அந்த எண்ணுக்காக உடலை வளைக்க வேண்டியதாகிவிடும்.

அளவைத் தேர்வதற்கு இன்று பல வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பிரா கப்பின் எழுத்தைச் சொல்லிக் கேட்பது, பிறருடைய படங்களைக் காட்டுவது, பிராவுக்குள் மாதிரி இம்ப்ளாண்ட்டை வைத்துப் பார்ப்பது, கணினியில் முப்பரிமாணப் படமாகப் பார்ப்பது, உடலை அளந்து கணக்கிடுவது, அறுவை அரங்கிலேயே சைசர் எனப்படும் மாதிரி இம்ப்ளாண்ட்டை உள்ளே வைத்துப் பார்த்து மருத்துவர் தீர்மானிப்பது என அவற்றைச் சொல்லலாம். இவற்றில் எது சிறந்தது என்று ஒரே வரியில் சொல்ல முடியாததற்குக் காரணம், இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன என்பதே. உடல் எதைத் தாங்கும் என்பது ஒரு கேள்வி. அந்த வரம்புக்குள் நான் எதை விரும்புகிறேன் என்பது இன்னொரு கேள்வி. முதற்கேள்விக்கு அளவெடுப்பைத் தவிர வேறு நம்பகமான வழி இல்லை என்பது என் கருத்து. இரண்டாவது கேள்விக்கு மாதிரிகளும் படங்களும் உதவும்.

கப் எழுத்து ஏன் அளவாகாது

‘எனக்கு சி கப் போதும்’ என்பது தெளிவான கோரிக்கை போலத் தோன்றினாலும், மருத்துவருக்கு அதிலிருந்து கிடைப்பது மிகக் குறைவு. கப்பின் எழுத்து தனித்து எதையும் குறிப்பதில்லை. மார்பைச் சுற்றிய பட்டையின் அளவோடு சேர்ந்துதான் அதற்குப் பொருள் வருகிறது. 32 டி, 34 சி, 36 பி ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு உடையவை. அதாவது, 36 சி அணியும் பெண்ணும் 32 சி அணியும் பெண்ணும் ஒரே எழுத்தைச் சொன்னாலும் அவர்களுடைய மார்பகங்களின் கன அளவு ஒன்றாக இருக்காது. போதாதற்கு, ஒவ்வொரு உள்ளாடை நிறுவனமும் தனக்கென ஓர் அளவுமுறை வைத்திருக்கிறது.

ஒரு கப் கூடுவதற்கு 150 முதல் 200 சிசி வரை ஆகும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தோராயக் கணக்காக அதை வைத்துக்கொள்ளலாம். குறுகிய மார்புள்ளவருக்கு அதைவிடக் குறைவாகவும் அகன்ற மார்புள்ளவருக்கு அதைவிடக் கூடுதலாகவும் தேவைப்படும். ஆகவே, குறிப்பிட்ட கப்புக்கு உறுதியளிக்கும் மருத்துவரைவிட, அப்படி உறுதியளிக்க மறுக்கும் மருத்துவரை நான் கூடுதலாக நம்புவேன். கப் எழுத்தை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. இப்போது எதை அணிகிறீர்கள், எதை அணிய விரும்புகிறீர்கள் என்று சொன்னால், மாற்றம் சிறியதா பெரியதா என்பதையாவது மருத்துவர் புரிந்துகொள்வார். அந்த எழுத்தின் பயன் அத்தோடு முடிகிறது.

அளவெடுப்பு: வரம்பு எங்கே இருக்கிறது

திசு அடிப்படையிலான திட்டமிடல் என்று அழைக்கப்படும் முறை, மருத்துவரின் கண்மதிப்பீட்டை மட்டும் நம்பியிருந்த நிலையை மாற்றியது. 2005-இல் ஜான் டெபெட்ஸ், வில்லியம் ஆடம்ஸ் ஆகிய இரு அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட முறை இதில் பெயர்பெற்றது. ஐந்து அளவுகளை எடுத்து, அவற்றைக் கொண்டு ஐந்து முக்கிய முடிவுகளை எட்டுவது அதன் சாரம். இன்று எல்லா மருத்துவர்களும் அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவதில்லை; ஆனால் கவனமாகச் செயல்படும் ஒருவர் எடுக்கும் அளவுகள் பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே இருக்கும்.

முதலாவதும் தலையாயதும் மார்பகத்தின் அடி அகலம். கவைமுள் போன்ற ஒரு கருவியை மார்பகத்தின் உள்விளிம்பில் ஒரு முனையும் வெளிவிளிம்பில் மறு முனையுமாக வைத்து, நேர்கோட்டில் செ.மீ. கணக்கில் அளப்பார்கள். வைக்கப்படும் இம்ப்ளாண்ட்டின் விட்டம் இந்த அகலத்துக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்க வேண்டும். அதை மீறினால் இம்ப்ளாண்ட்டின் ஓரம் உள்பக்கமாக நெஞ்செலும்பின் மேல் ஏறலாம், அல்லது வெளிப்பக்கமாக அக்குளை நோக்கித் தள்ளிக்கொண்டு நிற்கலாம். கை தொங்கும்போது உராய்கிறது என்று பின்னர் வரும் புகார்களில் சிலவற்றுக்கு இந்த அகல மீறலே காரணம்.

இரண்டாவது, மேற்பகுதித் திசுவின் தடிமன். மார்பகத்தின் மேற்பாகத்தில் தோலையும் அடித்திசுவையும் இரு விரல்களால் சேர்த்துக் கிள்ளிப் பிடித்து அளப்பார்கள். அது 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், இம்ப்ளாண்ட்டின் மேல்விளிம்பு வெளியே தெரியாமல் இருக்கத் தசையின் கீழ், குறைந்தபட்சம் மேற்பாதியாவது தசையால் மூடப்படும்படி வைப்பதே பொதுவான பரிந்துரை. மார்பகத்தின் அடிமடிப்புக்கு அருகிலும் இதேபோல் கிள்ளிப் பார்ப்பார்கள். மெலிந்த உடலமைப்பு உள்ளவர்கள் இந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது; ஏனெனில் பெரிய அளவைத் தங்கள் உடல் எவ்வளவு மறைக்கும் என்பது இதில்தான் வெளிப்படும்.

அடுத்தது தோலின் இழுவை. காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பை மெதுவாக முன்னோக்கி இழுத்து, எத்தனை செ.மீ. வருகிறது என்று பார்ப்பது. டெபெட்ஸ்–ஆடம்ஸ் முறையில், அகலத்தை வைத்துக் கிடைத்த தொடக்க அளவிலிருந்து, இழுவை 2 செ.மீ.க்குக் குறைவெனில் 30 சிசி கழிக்கப்படும், 3 செ.மீ.யைத் தாண்டினால் 30 சிசியும் 4 செ.மீ.யைத் தாண்டினால் 60 சிசியும் கூட்டப்படும். இறுக்கமான தோலுக்குள் நிறையத் திணிக்க முடியாது. மாறாக, குழந்தைப்பேற்றுக்குப் பிறகோ எடை குறைந்த பிறகோ தளர்ந்த தோலுக்குள் சிறிய இம்ப்ளாண்ட்டை வைத்தால் அது நிரம்பாத பையாகத் தெரியும். பெரிய அளவு எப்போதும் ஆடம்பரமல்ல, சிலருக்கு அதுவே பொருத்தம் என்பதை இந்த அளவு காட்டுகிறது.

கடைசியாக, காம்பிலிருந்து மார்பக அடிமடிப்பு வரையுள்ள தூரத்தைத் தோலை இழுத்துப் பிடித்த நிலையில் அளப்பார்கள். ஏறத்தாழ 300 சிசிக்கு 8 செ.மீ. அளவு தூரம் தேவை என்பது அந்த முறையின் கணக்கு. கன அளவு கூடக்கூட இந்தத் தூரமும் கூட வேண்டும். இருக்கும் தூரம் போதாதெனில் மருத்துவர் மடிப்பைக் கீழே இறக்க வேண்டியிருக்கும். ‘நீங்கள் சொல்லும் அளவுக்கு என் மடிப்பை இறக்க வேண்டுமா, எவ்வளவு?’ என்ற கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. கேட்டால், அந்த அளவு உடலுக்கு இயல்பாக அமைகிறதா, வலிந்து பொருத்தப்படுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

இந்த முறைக்கு எதிராகவும் ஒரு நியாயமான வாதம் உண்டு. எண்களை மட்டும் பார்த்தால் பெண்ணின் விருப்பம் பின்னுக்குப் போய்விடுகிறது என்பார்கள். அளவெடுப்பில் 275 சிசி வந்தது, ஆனால் தான் விரும்பியது அதைவிட நிறைவான தோற்றம் என்று ஏமாற்றத்தோடு திரும்புவோர் உண்டு. அளவெடுப்பு தருவது ஒரு வரம்பு மட்டுமே என்று புரிந்துகொண்டால் இந்தச் சிக்கல் பெரிதும் தீரும். வரம்புக்குள் எங்கே நிற்பது என்பது விருப்பத்தைப் பொறுத்தது. வரம்பைத் தாண்டுவதானால், எதை விலையாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே தாண்ட வேண்டும்.

ஒரே அகலம், மூன்று தெரிவுகள்

அகலம் முடிவானபின் மீதமிருப்பது புரொஃபைல், அதாவது இம்ப்ளாண்ட் எவ்வளவு முன்னோக்கிப் புடைக்கிறது என்பது. ஒரே அளவு தண்ணீர் அகலத் தட்டில் தாழ்ந்தும் ஒடுங்கிய டம்ளரில் உயர்ந்தும் நிற்பதைப் போல, ஒரே சிசி உள்ள இரு இம்ப்ளாண்ட்களில் ஒன்று அகன்று தட்டையாகவும் மற்றொன்று ஒடுங்கிப் புடைத்தும் இருக்கலாம். இதனால்தான் ‘என் தோழி 350 வைத்திருக்கிறாள், எனக்கும் அதுவே’ என்பது பயனற்ற ஒப்பீடாகிறது.

அடி அகலம் 12 செ.மீ. உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்த அகலத்துக்குள் அடங்கும் வட்ட வடிவ சிலிக்கோன் இம்ப்ளாண்ட்களில், மிதமான புரொஃபைலில் ஏறத்தாழ 225 முதல் 250 சிசியும், மிதத்துக்குச் சற்று மேற்பட்டதில் 275 முதல் 300 சிசியும், உயர் புரொஃபைலில் 350 முதல் 375 சிசியும் கிடைக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இவை சற்று மாறும். மூன்றுக்கும் விட்டம் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு முழுவதும் முன்புடைப்பில்தான், ஏறத்தாழ 3 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ. வரை.

முதலாவது தெரிவு, ஏற்கெனவே ஓரளவு மார்பகம் உள்ளவருக்கும், உடையில் பெரிதாக மாற்றம் தெரியக்கூடாது என்பவருக்கும் ஏற்றது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் மேற்பகுதி சரிவாகவே இறங்கும். ஆனால் தோல் தளர்ந்தவருக்கு இது நிறைவு தராது. மூன்றாவது தெரிவு, முன்புடைப்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று விரும்புபவருக்கும், குறுகிய மார்புக்கூட்டில் கன அளவு வேண்டும் என்பவருக்கும் உரியது. மேற்பகுதி உருண்டு நிரம்பியிருக்கும். சிலருக்கு அதுவே வேண்டும், சிலருக்கு அது செயற்கையாகப் படும். உயர் புரொஃபைல் திசுவின் நடுப்பகுதியில் அழுத்தத்தைக் குவிக்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். நடுவில் உள்ள தெரிவைப் பலர் சமரசம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான உடல்களுக்கு அதுவே தொடக்கப் புள்ளி, அங்கிருந்து ஒரு பக்கம் நகர்வதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

இந்த மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒரே புரொஃபைலுக்குள் 275-ஆ 300-ஆ என்று வாரக்கணக்கில் தவிப்பதில் பொருளில்லை. அடுத்தடுத்த இரு அளவுகளின் விட்டத்தில் இருக்கும் வேறுபாடு சில மி.மீ. மட்டுமே, உடலுக்குள் வைத்தபின் அதை எவராலும் இனங்காண இயலாது. அந்தத் தவிப்பைப் புரொஃபைல் பற்றிய பேச்சுக்குச் செலவிடுவது எவ்வளவோ மேல்.

சொட்டு வடிவ இம்ப்ளாண்ட்களில் உயரம், அகலம், முன்புடைப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க முடியும் என்பது ஒரு வசதி. ஆனால் உள்ளே திரும்பிவிட்டால் வடிவம் குலையும். அதைத் தடுக்கவே அவற்றின் மேற்பரப்பு சொரசொரப்பாகச் செய்யப்பட்டது. அந்தச் சொரசொரப்புக்கும் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றுக்கும் தொடர்பு இருப்பது தெரியவந்து, 2019 ஜூலையில் அல்லர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை இம்ப்ளாண்ட்கள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. எனவே இவ்வடிவம் பரிந்துரைக்கப்பட்டால் மேற்பரப்பைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும்.

கண்ணால் பார்த்துத் தேர்வது

அளவெடுப்பு முடிந்து இரண்டு அல்லது மூன்று இம்ப்ளாண்ட்கள் மேசையில் மிஞ்சியபின், கண்ணுக்கு வேலை வருகிறது. இங்கே மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

பிராவுக்குள் சைசர் வைத்துப் பார்ப்பது பழையதும் எளியதுமான வழி. என்னைக் கேட்டால் மூன்றில் மிகவும் நேர்மையானதும் இதுவே. பஞ்சு வைக்காத, உடலைக் கவ்விப் பிடிக்கும் பிராவுக்குள் இருபக்கமும் சைசரைச் செருகி, மேலே ஒட்டிய வெளிர்நிற டி-ஷர்ட் ஒன்றை அணிந்துகொண்டு கண்ணாடி முன் நிற்க வேண்டும். முன்பக்கத் தோற்றம் அதிகம் சொல்லாது. பக்கவாட்டில் திரும்பி, கைகளைத் தொங்கவிட்டு நின்றால்தான் வயிற்றுக்கும் இடுப்புக்கும் மார்புக்குமான விகிதம் தெரியும். பிறகு குனிந்து செருப்பின் வாரை மாட்டிப் பார்க்கலாம், தளர்ந்த மேற்சட்டையை மேலே அணிந்து பார்க்கலாம், நாற்காலியில் அமர்ந்து எழுந்து பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் அவிழ்த்துவிடாமல் அரைமணி நேரமாவது அணிந்திருந்தால், முதலில் வியப்பாகப் பட்ட அளவு பழகிப்போவதையும், சில வேளை எடை தோளில் உறைப்பதையும் உணர முடியும். இம்ப்ளாண்ட்களை நிரப்பும் சிலிக்கோன் ஜெல்லும் உப்புநீரும் எடையில் ஏறத்தாழத் தண்ணீரை ஒத்தவை. ஆகவே பக்கத்துக்கு 350 சிசி என்றால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 700 கிராம். அந்த எடையை எந்தப் படமும் உணர்த்தாது.

இதற்கும் குறை உண்டு. சைசர் திசுவின் மேலே அமர்கிறது. இம்ப்ளாண்ட்டோ திசுவுக்கும் சில நேரம் தசைக்கும் கீழே போகிறது. தசை அழுத்தும்போது முன்புடைப்பு சற்றுத் தட்டையாகும் என்பதால், வெளியே பார்த்ததைவிட உள்ளே சிறிதாகத் தோன்றுவதுண்டு. இதை ஈடுகட்ட எவ்வளவு கூட்டுவது என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. உங்கள் மருத்துவர் என்ன செய்வார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரு மார்பகங்களுக்கும் இடைப்பட்ட பிளவு எப்படி அமையும் என்பதையும் சைசர் காட்டாது. பிரா நெருக்கிக் காட்டும் பிளவு உடலுக்குள் அமையப்போவதில்லை. வீட்டில் அரிசியையோ தண்ணீரையோ அளந்து பையில் கட்டிப் பார்ப்பவர்கள், அது கன அளவை மட்டும் காட்டும், விட்டத்தையும் புரொஃபைலையும் காட்டாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மருத்துவரிடம் போகும் முன் மனத்தைத் தயார் செய்துகொள்ள அது போதும், முடிவெடுக்கப் போதாது.

முப்பரிமாணப் படம் இன்று பல மருத்துவமனைகளில் கவர்ச்சியான வசதியாக முன்வைக்கப்படுகிறது. உடலைப் படமெடுத்து, குறிப்பிட்ட இம்ப்ளாண்ட் வைத்தால் எப்படி இருக்கும் என்று திரையில் சுழற்றிக் காட்டுவார்கள். சொந்த உடலில் மாற்றத்தைப் பார்ப்பது பயனுள்ளதுதான். ஆனால் கேமரா தோலைத் தொட்டு இழுத்துப் பார்ப்பதில்லை. தோல் எவ்வளவு நெகிழும், தசை எப்படி அழுத்தும், தழும்புத் திசு எப்படி உருவாகும் என்பதெல்லாம் மென்பொருளின் ஊகம். திரையில் தெரிவதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டால் மனக்குறையே மிஞ்சும். இதன் உண்மையான பயன் வேறொன்று: இரு மார்பகங்களுக்கும் இடையே ஏற்கெனவே உள்ள வேறுபாட்டை இது தெளிவாக எடுத்துக் காட்டிவிடுகிறது. ஒரு காம்பு சற்றுத் தாழ்ந்திருப்பதையும் ஒரு பக்க விலா சற்று முன்தள்ளியிருப்பதையும் பலர் முதன்முதலில் இங்கேதான் கவனிக்கிறார்கள். அறுவைக்குமுன் கவனிப்பது அறுவைக்குப்பின் கவனிப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

பிறருடைய படங்கள் அளவைச் சொல்வதில்லை, ரசனையைச் சொல்கின்றன. உங்களைப் போன்ற உயரமும் மார்பு அகலமும் தொடக்கநிலை மார்பகமும் உள்ளவரின் முன்–பின் படங்களைக் கேட்டுப் பாருங்கள். ‘பின்’ படம் எத்தனை மாதம் கழித்து எடுக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள், ஏனெனில் ஒரு மாதப் படத்தில் தெரியும் மேற்பகுதி நிறைவு ஆறாம் மாதத்தில் இருக்காது. பிடித்த படங்களோடு பிடிக்காத படங்கள் சிலவற்றையும் எடுத்துச் செல்வது, இரண்டு பக்க விளக்கத்தைவிட விரைவாக மருத்துவருக்குப் புரியவைக்கும்.

சிறிதா, பெரிதா என்ற தயக்கம்

‘இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கலாம்’ என்பது அறுவைக்குப்பின் அடிக்கடி கேட்கும் ஏக்கம். இதை முன்கூட்டியே கேள்விப்பட்டவர்கள், பாதுகாப்புக்காக ஓர் அளவு கூட்டிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார்கள். உற்பத்தி நிறுவனங்களின் நீண்டகால ஆய்வுகளில், அளவையோ வகையையோ மாற்றும் விருப்பம் மறு அறுவைக்கான குறிப்பிடத்தக்க காரணங்களில் ஒன்றாகத் தொடர்ந்து இடம்பெறுகிறது என்பதால், இந்த யோசனையைப் புறந்தள்ளிவிட முடியாது.

ஆனால் இரு பக்கத் தவறுகளும் ஒரே எடை கொண்டவையல்ல. சிறிதாகப் போனால், அடுத்த அறுவையில் பெரியதாக மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. உடல் தாங்காத அளவுக்குப் பெரிதாகப் போனாலோ, திசு மெலிந்து சுருக்கங்கள் வெளியே தெரியலாம். இம்ப்ளாண்ட் மடிப்பைத் தாண்டிக் கீழே இறங்கி, காம்பு மேல்நோக்கிப் பார்க்கலாம். நடுவில் இரண்டும் நெருங்கி ஒன்றாகத் தெரியலாம். கழுத்து, முதுகு வலி வரலாம். உணர்ச்சி நரம்புகள் இழுபட்டுக் காம்பின் உணர்வு மாறலாம். பிறகு சிறியதை வைத்தாலும் நீண்டுபோன தோல் தானாகச் சுருங்காது. மார்பகத்தைத் தூக்கித் தைக்கும் அறுவையும் அதன் தழும்புகளும் சேர்ந்தே வரும். ஆகவே, அளவெடுப்பு காட்டும் வரம்புக்குள் மேற்பக்கமாகச் சாய்வதில் எனக்குத் தயக்கமில்லை; வரம்பைத் தாண்டிச் சாய்வதற்கு, ஏக்கத்தைத் தவிர்ப்பது என்ற காரணம் மட்டும் போதாது.

வாழ்க்கைமுறையும் இதில் சேரும். ஓட்டம், நீச்சல், கைகளுக்கு மிகுந்த வேலை கொடுக்கும் பயிற்சிகள் ஆகியவற்றில் ஈடுபடுவோருக்குப் பெரிய அளவு அன்றாடம் இடைஞ்சலாகும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கருத்தரிக்கும் எண்ணம் உள்ளவர்களும் கணிசமாக எடை குறைக்கத் திட்டமிடுபவர்களும், இன்று எடுக்கும் அளவுகள் நாளை மாறிவிடும் என்பதால், முடிவைத் தள்ளிவைப்பதே நல்லது. ஒரு கப்பைவிடக் குறைவான மாற்றமே போதும் என்பவர்கள், சொந்தக் கொழுப்பை எடுத்து மார்பகத்தில் செலுத்தும் முறையையும் விசாரிக்கலாம். செலுத்தியதில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், அளவைப் பற்றிய இத்தனை கணக்குகளும் அங்கே தேவைப்படாது.

அளவால் தீராதவை

காம்பு அடிமடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் இம்ப்ளாண்ட் மட்டும் அதைத் தூக்காது. பெரிய அளவு வைத்தால் தூக்கிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் எடை கூடித் தொய்வு மோசமாகவே வாய்ப்பு அதிகம். தூக்கித் தைக்கும் அறுவை தேவையென்றால் அதன் தழும்புகளை ஏற்பதா வேண்டாமா என்பதுதான் அங்கே எடுக்க வேண்டிய முடிவு. இரு பக்கமும் வேறுபட்டிருந்தால் இரு வேறு அளவுகளையோ இரு வேறு புரொஃபைல்களையோ வைக்கலாம். வேறுபாடு குறையும், முற்றிலும் மறையாது.

வெட்டும் இடமும் அளவைக் கட்டுப்படுத்தும் என்பதை மறந்துவிடக் கூடாது. சிலிக்கோன் இம்ப்ளாண்ட் நிரப்பப்பட்ட நிலையிலேயே உள்ளே போவதால், அளவு கூடக்கூட வெட்டும் நீளமாகும். கருவட்டம் சிறியதாக இருப்பவருக்கு அதன் விளிம்பு வழியாகப் பெரிய சிலிக்கோனைச் செலுத்த இயலாது. உப்புநீர் இம்ப்ளாண்ட் வெறும் பையாகப் போய் உள்ளே நிரப்பப்படுவதால் சிறிய வெட்டு போதும், நிறுவனம் குறித்த வரம்புக்குள் அளவைச் சற்றுக் கூட்டிக் குறைக்கவும் முடியும். ஆனால் மெலிந்த திசுவில் அதன் சுருக்கங்கள் எளிதில் தெரியும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அழகுக்கான பெருக்கத்தில் உப்புநீருக்கு 18 வயதையும் சிலிக்கோனுக்கு 22 வயதையும் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. எந்த இம்ப்ளாண்ட்டும் வாழ்நாள் முழுமைக்குமானதல்ல என்று 2021-இல் அது வெளியிட்ட எச்சரிக்கை, அளவைப் பற்றிப் பேசும்போதும் பொருந்தும்: என்றோ ஒருநாள் மாற்றும்போது, இன்று நீட்டிய தோலோடுதான் அந்த அறுவைக்குப் போக வேண்டியிருக்கும்.

அரங்குக்குள் எடுக்கப்படும் கடைசி முடிவு

சில மருத்துவர்கள் அறுவையின் நடுவில் தற்காலிக சைசரை உள்ளே வைத்து, மேசையை நிமிர்த்தி, நோயாளியை ஏறத்தாழ உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்து பார்த்து இறுதி அளவை முடிவு செய்வார்கள். வேறு சிலர் அளவெடுப்பில் வந்ததையே நேரடியாக வைத்துவிடுவார்கள். சைசரை உள்ளே போட்டு எடுப்பதால் அறுவை நேரமும் கையாளுதலும் கூடுகின்றன என்பது அவர்களுடைய வாதம். இரு பக்கமும் வேறுபட்டிருப்பவருக்கு முதல் முறை உண்மையிலேயே உதவும். இரு பக்கமும் ஏறத்தாழ ஒத்திருப்பவருக்கு இரண்டாவதே போதும். மயக்கத்தில் இருப்பவரால் விருப்பம் சொல்ல முடியாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆகவே ‘பார்த்து முடிவு செய்கிறேன்’ என்ற ஒப்புதலை அப்படியே விட்டுவிடாமல், எந்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது, எந்த எண்ணுக்கு மேலே போகக் கூடாது, புரொஃபைலை மாற்றலாமா கூடாதா என்பதை முன்னதாகவே பேசி, ஒப்புதல் படிவத்தில் எழுதி வாங்குவது நல்லது. 50 சிசி இடைவெளி கொடுத்தால் மருத்துவருக்குப் போதிய இடம் கிடைக்கும்.

அதே அமர்வில் இன்னொன்றையும் கேட்டுவிடலாம். அறுவை முடிந்த வாரங்களில் வீக்கத்தால் மார்பகம் பெரிதாகவும் இறுக்கமாகவும் உயர்ந்தும் தெரியும். தசையும் தோலும் தளர்ந்து இம்ப்ளாண்ட் தன் இடத்தில் இறங்கி அமர மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். முதல் வாரத்தில் ‘மிகப் பெரிது’ என்றும் இரண்டாம் மாதத்தில் ‘சுருங்கிவிட்டது’ என்றும் தோன்றுவது இயல்பு. ஆறாம் மாதத்துக்குப் பிறகும் அளவு பிடிக்கவில்லையென்றால் என்ன செய்வார்கள், மாற்று அறுவைக்கு மருத்துவர் கட்டணம், அரங்கக் கட்டணம், மயக்க மருந்துக் கட்டணம், புதிய இம்ப்ளாண்ட்டின் விலை ஆகியவற்றில் எதை யார் ஏற்பார்கள் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.